அக்கா காட்டாத கால்

1

இந்தப் பக்கத்தை நான் எழுத ஆரம்பித்துப் பத்து வருடம் ஆகிவிட்டதாம். ஆசிரியர் நினைவூட்டியிருக்கிறார். கல்யாண நாளே நினைவில் நிற்காதவளுக்குப் பத்தி ஆரம்பித்த நாளா நினைவிருக்கப் போகிறது? ஆண்டு நிறைவுக்குச் சிறப்புக் கட்டுரை வேண்டுமாம். தலைப்பையும் அவரே கையில் கொடுத்துவிட்டார்: 'மருத்துவம், எழுத்து, பிள்ளை வளர்ப்பு. மூன்றையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?'

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காத ஆள் இல்லை. இங்கே எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் வருடா வருடம் மைக்கைப் பிடித்துக்கொண்டு யாராவது கேட்பார்கள். சங்கத் தலைவர் இதய மருத்துவர். கவிதை எழுதுகிறார். மூன்று பிள்ளைகள். அவரிடம் இதை ஒருவரும் கேட்டதில்லை. அவர் கவிதையைக் கேட்டவர்களுக்கு அவர் எதையும் சமாளிக்கவில்லை என்று நன்றாகவே தெரியும், ஆனாலும் கேட்பதில்லை. என் வீட்டுக்காரர் சனிக்கிழமை காலையில் தோசை வார்ப்பார் என்ற செய்திக்கு அதே விழாவில் கைதட்டல் விழுந்தது. பத்து வருடம் நான் எழுதிய எதற்கும் அப்படியொரு கைதட்டல் விழுந்ததில்லை.

வழக்கமாக இந்தக் கேள்விக்கு 'நேர மேலாண்மை' என்று ஒரு பொய்யைச் சொல்லித் தப்பித்துவிடுவேன். இந்த வருடம் அது முடியவில்லை. என் அக்காவின் கால் குறுக்கே வந்துவிட்டது.

2

புதிதாகப் படிப்பவர்களுக்காக: நான் ஆலங்குடிப் பக்கத்துப் பெண். இப்போது இங்கிலாந்தின் வடக்கே, மழையும் ஆடும் தவிர வேறு விசேஷமில்லாத ஒரு சிற்றூரில் குடும்ப மருத்துவர். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிடம். அதில் பாதி, அவர் ஈரக் கோட்டைக் கழற்றி மாட்டுவதில் போய்விடும். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டால் 'நாட் டூ பேட், லவ்', அவ்வளவு மோசமில்லை கண்ணு, என்பார்கள். வந்த புதிதில் நானும் அதை நம்பி, காய்ச்சல் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பப் பார்த்தேன். ஒருநாள் ஒரு கிழ விவசாயி இதையே சொல்லிக்கொண்டு வந்தார். சர்க்கரைக்காரர். நடையில் ஏதோ சரியில்லை என்று சாக்ஸைக் கழற்றச் சொன்னேன். கட்டைவிரல் கரிக்கட்டையாக இருந்தது. அன்றிலிருந்து சர்க்கரைக்காரர் யார் வந்தாலும், தலைவலி என்று வந்தாலும், முதலில் சாக்ஸைக் கழற்ற வேண்டும். இந்த ஊரில் எனக்கு 'சாக்ஸ் டாக்டர்' என்றே பெயர். அந்தப் பெருமையை வீட்டில் தினமும் சாப்பாட்டு மேசையில் அளந்துகொண்டிருப்பேன்.

இந்த நாட்டில் மருத்துவர்கள் வருடத்துக்கு ஒருமுறை 'ரிஃப்ளெக்‌ஷன்' என்று ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த வருடம் உங்களைப் பாதித்த சம்பவம் என்ன, அதிலிருந்து என்ன கற்றீர்கள், இனி எதை மாற்றிக்கொள்வீர்கள். மனச்சாட்சிக்கே படிவம் அடித்து, கட்டம் போட்டு, எழுத்து எண்ணிக்கையும் வைத்த புண்ணியவான்கள். என்னோடு வேலை பார்ப்பவர்கள் செய்யாத பாவத்துக்கு மன்னிப்பு எழுதுவதில் தேர்ந்தவர்கள். நான் எழுதுவதும் பொய்தான், ஆனால் நடை நன்றாக இருக்கும்.

எழுத்து என்பது சனிக்கிழமை மகளின் நீச்சல் வகுப்பில் நடப்பது. குளோரின் நெடியில், ஈரமான பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனில் தட்டுவேன். தவம், வேள்வி என்றெல்லாம் யாராவது கற்பனை செய்திருந்தால் மன்னிக்கவும்.

பிள்ளைகள் இரண்டு. பையன் சின்னவன், அவனைப் பற்றி எழுத இன்னும் சரக்கு சேரவில்லை. பெண்ணுக்குப் பதினான்கு வயது. யாழினி என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே தமிழர் வீடுகளில் பிள்ளையின் பெயர் எவ்வளவு தூய தமிழோ, பிள்ளைக்குத் தமிழ் அவ்வளவு தூரம். பெயர் வைத்ததோடு பெற்றோருக்குக் கடமை முடிந்தது. நானும் அந்த ஜாதிதான். அவளுடைய தமிழை வைத்து இந்தப் பக்கத்தில் எத்தனையோ முறை உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறேன். என் அக்காவின் கணவர் இறந்தபோது, துக்கம் கேட்கப் போனில் பேசியவள், "பெரியப்பா முடிஞ்சுட்டாங்களா?" என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா? அதற்கு வந்த பாராட்டு கொஞ்சநஞ்சமல்ல. அக்காவும் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. சிரித்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன்.

3

அக்கா பெயர் வள்ளிக்கண்ணு. என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். நான் டாக்டராகி இத்தனை வருடமாகியும் அவளுக்கு நான் 'பாப்பா'தான். மகன்கள் இருவரும் குவைத்தில். இவள் தென்னையும் கொஞ்சம் கடலைக்கொல்லையும் ஆடுகளுமாக ஊரில் தனியே இருக்கிறாள். பத்திரிகை வந்ததும் என் பக்கத்தைப் படித்துவிட்டுத்தான் அடுப்புப் பற்ற வைப்பாள். அவளுக்கும் நெடுநாளாகச் சர்க்கரை.

போன கோடை விடுமுறையில் போயிருந்தபோது அவளோடு ஆலங்குடியில் அவள் வழக்கமாகக் காட்டும் டாக்டரிடம் போனேன். ஊசி போடாவிட்டால் வந்த பஸ் காசு செரிக்காது என்று நினைக்கும் ஜனம் நிரம்பி வழிந்தது. எங்கள் முறை வந்தது. அவர் ஒரு கையில் அக்காவின் நாடியைப் பிடித்தார். மறுகையில் போன். போனில் போர்வெல்காரர். "இன்னும் எம்புட்டு ஆழம் போவணும்?" என்று டாக்டர் போனில் கேட்கவும், தன் உடம்பைத்தான் சொல்கிறார் என்று அக்கா நடுங்கிவிட்டாள். எங்கள் முகத்தைப் பார்க்காமலே எழுதிக் கொடுத்தார், எல்லோருக்கும் எழுதும் அதே சத்து மாத்திரையோடு.

விடுவேனா? திரும்பி வந்த முதல் சனிக்கிழமை, நீச்சல் குளத்தின் ஓரத்தில், அவரைத் தோலுரித்துத் தொங்கவிட்டேன். பெயர் போடவில்லை. 'தென்னை மரத்தடியில் பைக் நிறுத்தும் டாக்டர்' என்றுதான் எழுதினேன். ஆலங்குடிப் பக்கம் தென்னை மரத்தடியில் பைக் நிறுத்தாதவர் யார் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்தக் கோடையில் போர்வெல் போட்ட டாக்டர் அவர் ஒருவர்தான். வாசகர்கள் கொண்டாடினார்கள். உள்ளூர் டாக்டரைத் திட்ட வெளிநாட்டு டாக்டரே கிடைத்தால் யாருக்குத்தான் கசக்கும்?

4

ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குக் காலை, அங்கே மத்தியானம். யாழினி தன் பெரியம்மாவோடு வீடியோவில் பேசுவாள். பேச்சு என்றா சொல்வது? இருவருக்கும் பொதுவாக ஒரு கைப்பிடிச் சொல் இருந்தால் அதிகம்.

"சாப்ட்டியாத்தா?"

"சாப்ட்டேன். ஆடு சாப்ட்டுச்சா?"

"இந்தா, நீயே கேளு."

அக்கா போனைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்கு நடப்பாள். வானம், தென்னை மட்டை, அக்காவின் நெற்றி, கடைசியில் ஒரு ஆட்டின் மூக்கு. யாழினி விழுந்து விழுந்து சிரிப்பாள். நான் அந்தப் பக்கமாகப் போகும்போது தலையை மட்டும் நீட்டி, "அக்கா, அவசரமா இருக்கேன், அப்புறம் கூப்புடுறேன்" என்பேன். அந்த 'அப்புறம்' பெரும்பாலும் வருவதில்லை.

ஒரு ஞாயிறு யாழினி என்னிடம், "பெரியம்மா இப்பெல்லாம் ஆட்டைக் காட்டுறதே இல்ல. கட்டில்லயே இருக்காங்க" என்றாள். வெயிலாக இருக்கும், நீ போய்ப் படி என்றேன். அடுத்த வாரமும் சொன்னாள். நான் நோயாளிகளின் குறிப்பைத் தட்டிக்கொண்டிருந்தேன். ஆடு பார்க்காவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்டேன். அதற்கடுத்த வாரம் அவள் சமையலறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"பெரியம்மாகிட்ட காலைக் காட்டச் சொன்னேன். காட்டினாங்க. உன்கிட்ட சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொன்னாங்க." இங்கிலீஷில்தான் சொன்னாள், எனக்குத்தான் தமிழில் எழுத வேண்டியிருக்கிறது. "ஆனா சொல்லணும். அதுக்கு முன்னாடி, நீ இதை எழுத மாட்டேன்னு சொல்லு."

சொன்னேன். அதன் பிறகுதான் போனில் பிடித்து வைத்திருந்த படத்தைக் காட்டினாள். வலது கால். மஞ்சள் அப்பிய பழந்துணி ஒதுங்கியிருந்தது. சுண்டுவிரல் கறுத்து, சிவப்பு பாதத்தின் பக்கமாக ஏறிக்கொண்டிருந்தது. சாக்ஸ் டாக்டருக்கு அதைப் பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் விட்டால் விரலோடு நிற்காது, காலையே எடுக்க வேண்டிவரும். ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் துள்ளி.

5

உடனே கூப்பிட்டேன்.

"அக்கா, காலைக் காட்டு."

"புள்ள சொல்லிருச்சா? ஒண்ணுமில்ல பாப்பா. கொல்லையில சீமைக்கருவ முள்ளு ஏறிருச்சு. மஞ்சப் பத்துப் போட்டிருக்கேன், வத்திரும்."

"டாக்டர்கிட்ட காட்டுனியா?"

"எந்த டாக்டரு?"

"வழக்கமாப் போற டாக்டர்தான்."

"நல்லா இருக்கு ஒன் ஞாயம். நீதான அந்தாளப் பத்திப் பத்திரிகையில காறித் துப்பாத கொறையா எழுதுன? இங்கிட்டு டீக்கடையில எல்லாம் வாசிச்சுச் சிரிச்சாங்க. அதுக்கப்பறம் நான் போயி அந்தாளு வாசல்ல டோக்கன் எடுத்து ஒக்காரவா? தங்கச்சி வையுவா, அக்காக்காரி இளிச்சுக்கிட்டு வந்து நிப்பாளாம். எனக்கு ரோசம் இல்லையா?"

அவள் சொன்னது எனக்குப் புரிய நேரம் பிடித்தது. கட்டுரை வந்த நாளிலிருந்து அவள் அந்தப் படியை மிதிக்கவில்லை. என் மானத்தைக் காப்பாற்றினாளாம். சர்க்கரையைப் பரிசோதிக்கவில்லை. பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறாள். புதுக்கோட்டைப் பெரியாஸ்பத்திரிக்காவது போயிருக்கலாமே என்றால், ஆட்டை யார் பார்ப்பது?

"சரி, அந்தாளுகிட்டப் போகல. எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா அதையும் எழுதிப்புடுவ."

கோபமாகச் சொல்லவில்லை. மழை வந்தால் கடலை நனையும் என்பதுபோலச் சொன்னாள்.

"அவரு செத்தன்னைக்கு புள்ள வெள்ளந்தியா கேட்டுச்சு. அது கேட்டது எனக்கு ஆறுதலா இருந்துச்சு பாப்பா. நீ அதப் போட்டு ஊரச் சிரிக்க வச்ச."

இத்தனை வருடம் சங்கத் தலைவரையும் அவர் கவிதையையும் எவ்வளவு கேவலமாக நினைத்திருப்பேனோ, அதற்கு மேலாக என்னைக் கேவலமாக நினைத்தேன்.

6

இங்கே இருந்துகொண்டு நான் அவளுக்கு ஒரு ஊசிகூடப் போட முடியாது. பழைய சீட்டைப் படம் பிடித்து அனுப்பச் சொல்லி, அதிலிருந்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். அதே டாக்டர். என்னை யாரென்று சொல்லி, கட்டுரையைப் பற்றி ஒரு மன்னிப்புரை ஆரம்பித்தேன். போன அழைப்புக்கும் இந்த அழைப்புக்கும் இடையே மனதுக்குள் நடை திருத்தி வைத்திருந்தேன்.

"எனக்கு எங்கங்க மேடம் படிக்க நேரம்? அதெல்லாம் வீட்டுல படிப்பாங்க. அக்காவுக்கு என்ன, அதச் சொல்லுங்க."

சொன்னேன். படத்தை அனுப்பினேன். "நான் போயிப் பாக்குறேன்" என்றார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டை முடித்தாரோ இல்லையோ, பைக்கை எடுத்துக்கொண்டு எங்கள் ஊருக்கே போய்விட்டார். வாசலிலிருந்து எனக்கு வீடியோ அழைப்பு. திரையில் சாத்தியிருந்த கதவு.

"உள்ளதான் இருக்காங்க மேடம். தொறக்க மாட்டேங்குறாங்க."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து அக்காவின் குரல்: "நான் வரச் சொல்லலீங்க. நல்லாத்தான் இருக்கேன். நீங்க போயிட்டு வாங்க."

போனைக் கதவருகே பிடிக்கச் சொன்னேன். எனக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டினேன். ரத்த ஓட்டம் என்றேன், கிருமி என்றேன், காலை எடுத்துவிடுவார்கள் என்றேன். அசையவில்லை. எரிச்சலில் என் நாக்கு பழைய வழிக்கே போனது. "காலு போனப்பறம் கட்டில்ல ஒக்காந்து விசில் அடிச்சு ஆடு மேய்க்கப் போறியாக்கா?"

"நல்லா இருக்கு. இதையும் எழுதிக்க," என்றது கதவு.

திரை ஓரத்தில் தெரிந்த டாக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா, தர்மசங்கடமா, தெரியவில்லை. யாழினி என் கையிலிருந்து போனை வாங்கினாள்.

"பெரிம்மா, நான் யாழினி."

டாக்டர் போனைக் கதவுக்கு இன்னும் நெருக்கிப் பிடித்தார்.

"பெரியப்பா முடிஞ்சுட்டாங்க. நீங்க முடிஞ்சு போகாதீங்க. எனக்கு நீங்க வேணும். கதவு தொறங்க."

அவளுக்குத் தெரிந்த தமிழ் அவ்வளவுதான். கேலி செய்யவோ பயமுறுத்தவோ அதில் சொல் இல்லை. வேண்டும் என்பதை வேண்டும் என்றுதான் சொல்ல முடியும். தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. நான் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். பையன் வந்து, வெங்காயமா என்று கேட்டான்.

டாக்டர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அக்காவின் காலைத் தன் மடியில் வைத்துத் துணியைப் பிரித்தார். மஞ்சளைக் கழுவி எடுக்கவே வெகு நேரம் ஆயிற்று. அந்த நேரம் முழுக்க அவர் போன் ஒலிக்கவில்லை, அது கதவோரம் என்னோடு சாய்ந்து கிடந்தது. அன்று சாயங்காலமே யாரிடமோ கார் கேட்டு வாங்கி, அக்காவைப் புதுக்கோட்டையில் சேர்த்துவிட்டார். ஆடுகளைப் பக்கத்து வீட்டில் விட ஏற்பாடு செய்தவரும் அவரே. சுண்டுவிரல் போயிற்று. கால் தப்பியது.

பிறகு ஒருநாள் நன்றி சொல்லக் கூப்பிட்டேன். "தள்ளிப் போட்டிருந்தா காலே போயிருக்கும் மேடம். புள்ளதான் கெட்டிக்காரி," என்றார். வைக்கப்போகும் நேரத்தில், ரொம்பச் சாதாரணமாக, "போர்வெல்ல நல்ல தண்ணி மேடம். அடுத்த தடவ ஊருக்கு வாரப்ப வீட்டுக்கு வாங்க, எளநி வெட்டச் சொல்றேன்" என்றார்.

பத்து வருடமாகப் பலரையும் வெட்டியிருக்கிறேன். ரத்தமே வராமல் இப்படி வெட்ட எனக்கு இன்னும் வரவில்லை.

7

இந்த வருட ரிஃப்ளெக்‌ஷன் படிவமும் வந்தது. உங்களைப் பாதித்த சம்பவம் என்ற கட்டத்தில், ஒரு மருந்தின் அளவைத் தவறாகத் தட்டி உடனே திருத்திக்கொண்டதைப் பற்றி எழுதினேன். அழகாக வந்திருப்பதாகப் பாராட்டினார்கள். அந்த மடையர்களுக்கு அது போதும்.

ஆசிரியர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். டாக்டருக்கும் எழுதுகிறவளுக்கும் தாய்க்கும் வேண்டியது ஒன்றே ஒன்றுதான். எதிரே இருப்பவர் நம்மிடம் வாயைத் திறக்க வேண்டும். நான் எழுத எழுத, என் வீட்டில் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். நானோ என் நடையை மெச்சிக்கொண்டிருந்தேன். ஆக, சமாளிக்கவில்லை. சங்கத்தில் அடுத்த முறை மைக்கைப் பிடித்துக் கேட்பவருக்கும் இதுவே பதில்.

இதை எழுத யாழினியிடம் கேட்டேன். கொடுத்த வாக்கைத் திருப்பித் தரச் சொல்லிக் கெஞ்சினேன் என்பதே சரி. மெதுவாக வாசித்துக் காட்டச் சொன்னாள். புரியாத இடங்களில் நிறுத்தி அர்த்தம் கேட்டாள். பெயரை மாற்றச் சொன்னாள், மாற்றியிருக்கிறேன். அவளைப் பற்றிய ஒரு பத்தியை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். நான் எழுதியதிலேயே நல்ல பத்தி அது, ஆனாலும் எடுத்துவிட்டேன்.

அக்காவிடமும் கேட்டேன்.

"எழுதிக்க. அந்த டாக்டரு தரையில ஒக்காந்து காலக் கழுவுனாருல்ல, அதையும் போடு. விட்டுறாத."

"போடுறேன்க்கா."

"ஆனா ஒங்கிட்டக் காலக் காட்டச் சொல்லி மட்டும் கேக்காத."

"இனிமேப் பாக்குறத எழுத மாட்டேன்க்கா, சத்தியமா."

"சரி சரி. மொதல்ல சாப்புடு போ," என்று வைத்துவிட்டாள்.

போன ஞாயிறும் யாழினி பேசினாள். அக்கா இப்போது குச்சியை ஊன்றிக்கொண்டு கொட்டகை வரை நடக்கிறாள். வானம், தென்னை மட்டை, நெற்றி, ஆட்டின் மூக்கு. பிறகு அக்கா கல்லில் உட்கார்ந்தாள்.

"அம்மா இருக்காளாத்தா?"

யாழினி சமையலறைக் கதவுப் பக்கம் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, "இல்ல பெரிம்மா" என்றாள்.

அக்கா கட்டைப் பிரித்து, போனைக் காலுக்கு நேரே பிடித்தாள். யாழினி நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தினாள், எனக்குத் திரை தெரியும்படியாக. நான் கதவோரம் மூச்சுக் காட்டாமல் நின்று எட்டிப் பார்த்தேன். வீக்கம் வடிந்திருந்தது. புண்ணின் ஓரம் இளஞ்சிவப்பாக இருந்தது, ஆறிக்கொண்டு வருகிறது.